கம்பால் வருவது நடிப்பல்ல

அடிச்சாத்தேன் நடிப்பு வரும். தேனி மாவட்டத்தில் சினிமாப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்தத் தீர்ப்பில் வந்து நிற்கிறது. அதற்குச் சாட்சியாக ஒரு கதையும் கூடவே வரும். புதுமுகத்துக்கு அழுகை வரவில்லை, நாலு டேக் போயிற்று, இயக்குநர் எழுந்துவந்து கன்னத்தில் ஓர் அறை விட்டார், கண்ணில் நீர் பொங்கியது, காமிரா ஓடிக்கொண்டிருந்தது, டேக் ஓகே. நடிகரின் பெயர் மாறும், படத்தின் பெயர் மாறும், அறை மட்டும் மாறாது. கடமலைக்குண்டைத் தாண்டி மயிலாடும்பாறை, வருசநாடு என்று மூல வைகையை ஒட்டிப் போகும் ஊர்களில் செல்போனையும் வாடகைக் காமிராவையும் வைத்துக் குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் வரைக்கும் இந்தக் கதை இறங்கியிருக்கிறது. பாரதிராஜா பிறந்த அல்லிநகரமும் பாலாவின் நாராயணத்தேவன்பட்டியும் இதே மாவட்டத்தில் இருப்பதால், இங்கே அது சினிமா வதந்தியாக நிற்காமல் ஊர்ப்பெருமையாகவே ஆகிவிட்டது.

அந்தத் தீர்ப்பு தவறு. மனிதரை அடிப்பது மனிதத்தன்மை இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நடிப்பு என்ற தொழில் எப்படி நடக்கிறது, ஒரு காட்சி எப்படிப் படமாகிறது என்று பார்த்தாலே அந்தத் தீர்ப்பு நிற்காது.

எதிர்த்தரப்பின் வாதத்தைக் குறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதில் நாலு நூல்கள் பின்னியிருக்கின்றன. ஒன்று, பணம். பிலிம் காலத்தில் 400 அடிச் சுருள் நாலரை நிமிடத்தில் ஓடித் தீர்ந்துவிடும். 1000 அடிச் சுருளே பதினொரு நிமிடம்தான். ஒவ்வொரு தப்பான டேக்கும் காசு. மலை மறைவில் வெயில் இறங்கிக்கொண்டிருக்கும்போது நடிகருக்குப் பாடம் எடுக்க நேரம் ஏது? இரண்டு, ஆள். கிராமத்துப் படத்துக்குக் கிராமத்து முகம் வேண்டும். அந்த முகத்துக்குக் காமிரா பழக்கம் இருக்காது. கூச்சத்தை உடைக்க ஓர் அதிர்ச்சி தேவைப்படுகிறது. மூன்று, மரபு. பாய்ஸ் கம்பெனி நாடக வாத்தியார்கள் கம்பு வைத்துத்தான் பையன்களுக்குப் பாடம் சொன்னார்கள், அங்கிருந்துதான் பெரிய நடிகர்கள் வந்தார்கள். நாலாவது, பலன். ராதிகா, கார்த்திக், ராதா, ரேவதி, ரேகா என்று பாரதிராஜா அறிமுகப்படுத்தியவர்களின் வரிசையைப் பாருங்கள். மதுரையில் வளையல் விற்றுக்கொண்டிருந்த பாண்டியன் 1983-இல் 'மண்வாசனை' நாயகன் ஆனார். பாலாவின் 'பிதாமகன்' விக்ரமுக்குத் தேசிய விருதைக் கொண்டுவந்தது. அடி வாங்கிய கதையை மேடையேறிச் சிரித்தபடி சொல்கிறவர்கள் நடிகர்களேதான். வாங்கியவருக்கே வருத்தம் இல்லாதபோது மற்றவர்களுக்கு என்ன?

இவை நாலும் கேட்கத் தகுந்த வாதங்கள். நாலில் ஒன்றுகூட அடியை நியாயப்படுத்தவில்லை என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

1. அடி யார்மேல் விழுகிறது என்று முதலில் பாருங்கள். 1985-இல் 'முதல் மரியாதை' படத்துக்குச் சிவாஜி கணேசன் வந்தபோது, 'பராசக்தி' வெளியாகி முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் நடிக்கும் முறை தமிழ்நாட்டுக்கே மனப்பாடம். அந்த முறையிலிருந்து அவரை இறக்கி, குரலைத் தணித்து, உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும் ஒரு கிராமத்துப் பெரியவராக உட்கார வைக்க வேண்டிய வேலை இயக்குநருக்கு இருந்தது. புதுமுகம் ஒன்றை அழவைப்பதைவிடப் பல மடங்கு கடினமான வேலை அது. அந்த வேலை நடந்தது. சிவாஜியின் பின்னாள் படங்களில் மிகவும் அடங்கிய நடிப்பு அதுதான் என்று இன்றும் சொல்கிறார்கள். அதற்காகச் சிவாஜிமேல் யாரும் கை ஓங்கவில்லை. ஓங்க முடியும் என்று யாரும் கனவுகூடக் காணமாட்டார்கள்.

அப்படியானால் எப்படி நடந்தது? படத்தையே பார்த்தால் விடை தெரிகிறது. அந்தப் பெரியவருக்குச் செய்வதற்கு ஏதாவது ஒன்று எப்போதும் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆள் இல்லாத நேரம் பார்த்து இளவட்டக்கல்லைத் தூக்கிப் பார்க்கிறார். குயில் என்ற பெண் ஆக்கிவைத்த மீனைச் சாப்பிடுகிறார். கைக்கு வேலை வந்ததும் முகம் தானாக ஓய்கிறது. உணர்ச்சியைக் 'காட்டு' என்று கேட்காமல், உணர்ச்சி வந்து தங்குகிற ஒரு காரியத்தைக் கொடுத்த இயக்குநரின் திறமை அது. பாரதிராஜாவிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான். ஆனால் ஊர் கற்றுக்கொண்டது அறையை.

'சிவாஜி தேர்ந்த நடிகர், அவருக்கு அடி தேவையில்லை. பயிற்சி இல்லாதவனுக்குத்தான் தேவை' என்று உடனே பதில் வரும். நல்லது. அப்படிச் சொன்ன மறுகணமே, குறை பயிற்சியில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாயிற்று. பயிற்சி இல்லாதவனுக்கு மருந்து பயிற்சிதானே? இருபது வயதுப் புதுமுகத்துக்கு விழுவது அறுபது வயது நட்சத்திரத்துக்கு விழவில்லை என்றால், அதைத் தீர்மானிப்பது நடிப்புக் கலை இல்லை. யார் திருப்பிக் கேட்க மாட்டார்களோ அவர்மேல் விழுகிறது, அவ்வளவுதான்.

2. அறைந்தால் வருவது கண்ணீர். கண்ணீர் நடிப்பாகாது. ஒரு காட்சி எப்படிப் படமாகிறது என்று ஸ்பாட்டில் ஒருநாள் நின்று பார்த்தவருக்கு இது புரியும். முதலில் எல்லோரையும் காட்டும் மாஸ்டர் ஷாட். அப்புறம் லைட்டை நகர்த்த வேண்டும். பிறகு அந்தப் பெண்ணின் க்ளோசப். பிறகு எதிரே நிற்பவரின் தோளை முன்னால் வைத்துச் சஜஷன் ஷாட். பிறகு எதிராளியின் க்ளோசப். அதற்கும் இந்தப் பெண் காமிராவுக்கு வெளியே நின்று அதே வசனத்தை அதே கனத்தோடு சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எதிரே நடிப்பவருக்குப் பிடி கிடைக்காது. இத்தனையும் முடிய அரை நாள் ஆகும். கடைசியில் எடிட்டர் இவற்றை வெட்டி ஒட்டும்போது, ஒரே நிமிடத்தில் நடந்ததுபோல இருக்க வேண்டும்.

அறையில் வந்த அழுகை ஒரே ஒருமுறை வரும். க்ளோசப்புக்கு என்ன செய்வீர்கள், மறுபடி அறைவீர்களா? சஜஷன் ஷாட்டுக்கு? மூன்றாவது அறைக்கு அழுகை வராது, வீக்கம்தான் வரும். நடிகர் என்பவர் யார்? ஒரு உணர்ச்சியிடம் போய்ச் சேரும் வழியைத் தெரிந்துவைத்துக்கொண்டு, காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் அதே வழியில் போகத் தெரிந்தவர். அந்த வழியை அவருக்குக் காட்டுவதுதான் இயக்குநரின் வேலை. அறை அந்த வழியை அடைத்துவிடுகிறது. 'உன்னால் வராது, நான் பிடுங்கிக்கொள்கிறேன்' என்று நடிகரிடம் சொல்லிவிடுகிறது.

இந்தப் பிடுங்கலின் கோர முகத்தை உலக சினிமா ஒருமுறை வெளிப்படையாகவே பார்த்தது. 1972-இல் வந்த 'லாஸ்ட் டேங்கோ இன் பாரிஸ்' படத்தின் பாலியல் வன்முறைக் காட்சியில், என்ன நடக்கப்போகிறது என்ற ஒரு முக்கிய விவரத்தை நடிகை மரியா ஷ்னைடரிடம் இயக்குநர் பெர்னார்டோ பெர்டொலுச்சியும் மார்லன் பிராண்டோவும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அப்போது அவருக்கு வயது 19. ஒரு நடிகையாக அல்ல, ஒரு பெண்ணாக அவர் அவமானப்படுவதைப் படமெடுக்க விரும்பியதாகப் பெர்டொலுச்சி பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். அந்தக் காட்சி தன்னை எப்படிக் குலைத்தது என்று ஷ்னைடர் வாழ்நாள் முழுக்கப் பேசினார். 2011-இல் இறந்தும் போனார். பெர்டொலுச்சியின் விளக்கத்தைத் திரும்பப் படியுங்கள். நடிகை வேண்டாம், வலிப்படுகிற பெண் போதும் என்கிறார். நம்மூர் அறைக் கதைக்கும் அதற்கும் அளவில்தான் வேறுபாடு, தர்க்கம் ஒன்றேதான்.

3. பயம் எல்லா முகத்தையும் ஒரே முகமாக்கிவிடும். திட்டு வாங்கிய நடிகரை மானிட்டரில் கவனியுங்கள். கழுத்து விறைத்திருக்கும், மூச்சு மேல்மார்பில் நிற்கும், கண் எதிரே பேசுபவரைப் பார்க்காமல் காமிராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத் தேடும். காட்சியில் அவர் அண்ணனிடம் கோபப்பட வேண்டும். உண்மையில் அவர் இயக்குநரிடம் பயந்துகொண்டிருக்கிறார். பார்வையாளர் கண்ணுக்கு அது தெரிந்துவிடும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும். கம்பெடுத்து விரட்டினால் மாடு ஓடும், உழாது.

இதற்கு நேர் எதிரான வழியைச் சத்யஜித் ராய் 1952-லேயே செய்து காட்டினார். 'பதேர் பாஞ்சாலி'யின் முதல் நாள் படப்பிடிப்பு. நாணல் பூத்த வெளியில் அக்காவைத் தேடிக்கொண்டு சிறுவன் அப்பு வர வேண்டும். நடந்து வா என்றால் சுபீர் பானர்ஜி என்ற அந்தப் பையன் விறைப்பாக, நேராக நடந்துவந்தான். தேடு என்று சொன்னால் ஆறு வயதுப் பையன் என்ன செய்வான்? ராய் குரலை உயர்த்தவில்லை. பையன் நடக்கும் பாதையில் அங்கங்கே சிறு தடைகளைப் போட்டுவைத்தார். நாணலுக்குள் இருபுறமும் உதவியாளர்களை ஒளியவைத்து, ஒருவர் மாற்றி ஒருவர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். பையன் நின்றான், திரும்பினான், காலைத் தூக்கித் தாண்டினான், மறுபடி திரும்பினான். திரையில் அது தேடலாகிவிட்டது. பையனுக்குத் 'தவிப்பு' என்றால் என்னவென்று தெரிய வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. காமிராவே பார்த்திராத குழந்தை, கையில் பணமில்லாத இயக்குநர், மங்கிக்கொண்டிருக்கும் வெளிச்சம்: அடிக்கு நியாயமாகச் சொல்லப்படும் அத்தனை நெருக்கடியும் அந்த வெளியில் இருந்தது.

தமிழிலேயே இதற்கு இணையான காட்சி உண்டு. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தில் சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி எழும்பி நிற்கும் வீட்டைத் தனியாகப் போய்ப் பார்க்கிறார். வசனம் இல்லை. பண்ணைப்புரத்து இளையராஜாவின் இசை மட்டும் ஓடுகிறது. கிழவர் நடக்கிறார், பூசாத சுவரைக் கையால் தடவுகிறார், ஒவ்வொரு அறையாக நின்று பார்க்கிறார். அவ்வளவுதான். அந்தக் கைகள் சுவரில் படும் விதத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஆயுட்கால ஆசை தெரிந்துவிடுகிறது. மேடையில் பழுத்த அந்த முதியவரை அடித்தா அங்கே கொண்டுபோனார்கள்? அவருக்கு ஒரு உண்மையான கட்டடம் கொடுக்கப்பட்டது, கைக்கு ஒரு உண்மையான சுவர் கொடுக்கப்பட்டது, அவசரப்படுத்தாத ஒரு காமிரா கொடுக்கப்பட்டது. அதே படம் அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதையும் கொண்டுவந்தது. பாலா தொழில் கற்றது இந்தப் பாலு மகேந்திராவிடம்தான் என்பதை, பாலாவின் பெயரைச் சொல்லிக் கம்பைப் புகழ்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் போனால் உசிலம்பட்டி. அந்தப் பகுதியைச் சேர்ந்த நல்லாண்டி என்ற எண்பது கடந்த விவசாயியை நாயகனாக வைத்து ம. மணிகண்டன் எடுத்த 'கடைசி விவசாயி' 2022 பிப்ரவரியில் வெளியானது. அதைப் பார்க்க நல்லாண்டி உயிரோடு இல்லை. 69-ஆவது தேசிய விருதுகளில் படம் சிறந்த தமிழ்ப் படமாயிற்று, நல்லாண்டிக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. அந்தப் பெரியவர் படத்தில் என்ன செய்கிறார்? வாழ்நாளெல்லாம் செய்ததைச் செய்கிறார். செடிக்குத் தண்ணீர் விடுகிறார், மண்ணைப் பார்க்கிறார், கேட்ட கேள்விக்குத் தன் வேகத்தில் பதில் சொல்கிறார். நீதிமன்றக் காட்சியில்கூட அவர் 'நடிக்க' முயலவில்லை. படத்தின் வேகம் முழுவதும் அவருடைய நடைக்கு ஏற்றபடி தணிந்திருக்கிறது. நடிகரைப் படத்துக்கு ஏற்ப வளைப்பதற்குப் பதிலாகப் படத்தை நடிகருக்கு ஏற்ப வளைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

தேனி மண்ணின் லெனின் பாரதி எடுத்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) படத்திலும் இதே பாடம். சுமைதூக்கி ரங்கசாமியாக வரும் ஆண்டனியோடு மலையேறுகிற முகங்கள் அந்த மலைப்பாதையை அறிந்த முகங்கள். மூட்டையைத் தோளில் ஏற்றி மேட்டில் கால்வைக்கும்போது முதுகு எப்படி வளையும் என்பதை எந்த இயக்குநரும் அவர்களுக்குக் கத்திச் சொல்ல வேண்டியதில்லை. காமிரா எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் இயக்குநர் யோசிக்க வேண்டும்.

கை ஓங்காத இயக்குநர்களிடமும் கம்பின் குடும்பத்துப் பழக்கம் ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு அசைவையும் தானே நடித்துக் காட்டி, அப்படியே செய்யச் சொல்வது. அவசரத்துக்கு உதவும். ஆனால் படம் முழுக்க அப்படி நடந்தால் அம்மா, மகள், வில்லன், பால்காரர் எல்லோரும் இயக்குநரைப் போலவே தலையைத் திருப்புவார்கள்.

4. காசு வாதம் பழசாகிப் போயிற்று. பிலிம் சுருள் கணக்கு உண்மையான கணக்குதான். அந்தக் காலத்து இயக்குநர்களின் பதற்றத்தை அது விளக்குகிறது. ஆனால் இன்று எடுப்பது டிஜிட்டலில். இன்னொரு டேக்குக்கு ஆகும் செலவு கொஞ்சம் நேரம் மட்டும். அந்த நேரத்தைத் தின்பது எது? ஒரு அறை விழுந்த பிறகு ஸ்பாட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அடி வாங்கியவர் ஒருபுறம் போய் உட்கார்ந்துவிடுவார். மேக்கப் கலைந்திருக்கும். கூட நடிப்பவர் வசனம் மறப்பார், ஏனென்றால் அடுத்தது தானோ என்ற நினைப்பு. லைட்மேன் முதல் தண்ணீர் கொடுக்கும் பையன் வரைக்கும் வாயைத் திறக்கமாட்டார்கள். 'சார், அந்த மார்க்கில் வெளிச்சம் விழவில்லை' என்று சொல்ல வேண்டிய ஆளும் சொல்லமாட்டார். பயந்த யூனிட் தப்பை மறைக்கும். மறைத்த தப்பு எடிட்டிங்கில் வெளியே வரும்போது ரீஷூட் செலவு, விட்ட நாலு டேக்கைவிடப் பெரிதாக இருக்கும்.

உண்மையில் மலிவானது முன்தயாரிப்பு. யூனிட் வருவதற்கு முன்பு ஒரு அறையில் உட்கார்ந்து வசனத்தைப் படிப்பதற்கு ஜெனரேட்டர் வாடகை கிடையாது. டேக்குக்கு முன்னால் ஒரு 'மானிட்டர்', அதாவது ஓர் ஒத்திகை, பார்ப்பதற்கு நாலு நிமிடம். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, அதன் கடனை நடிகரின் கன்னத்தில் வசூலிப்பதற்குப் பெயர் சிக்கனமில்லை.

குரலையும் இங்கே பேச வேண்டும். தமிழ் சினிமா வெகுகாலம் டப்பிங்கை நம்பி நடந்ததால், டேக் ஓடும்போதே இயக்குநர் கத்தலாம், வசனத்தைப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்கலாம், திட்டவும் செய்யலாம். சத்தம் எப்படியும் போய்விடும். ஒரு பாத்திரத்துக்கு முகத்தை ஒருவர் தர, குரலை இன்னொருவர் தருவதும் வழக்கமாயிற்று. 'ஆடுகளம்' பேட்டைக்காரனாகக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன் தேசிய விருதில் சிறப்புக் குறிப்புப் பெற்றார். அந்தப் பாத்திரத்தின் குரல் ராதாரவியுடையது. இரண்டும் சிறப்பாக அமைந்த அபூர்வம் அது. பொதுவாக நடந்தது என்னவென்றால், முகத்தில் கண்ணீர் வந்தால் போதும், மீதியை டப்பிங் தியேட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இயக்குநர்கள் பழகிவிட்டார்கள். கமல்ஹாசன் தேனிப் பக்கத்துக் கதையான 'விருமாண்டி'யை (2004) நேரடி ஒலிப்பதிவில் எடுத்தார். அப்படி எடுக்கும்போது டேக் நடுவே இயக்குநர் வாயைத் திறக்க முடியாது. சொல்ல வேண்டியதை முன்பே, அமைதியாக, நடிகருக்குப் புரியும்படி சொல்லியாக வேண்டும்.

5. மரபைக் கூப்பிடுகிறவர்கள் மரபில் பாதியைத்தான் கூப்பிடுகிறார்கள். பாய்ஸ் கம்பெனிகளில் கண்டிப்பு இருந்தது, கம்பும் இருந்தது. கூடவே இருந்தவை என்ன? விடியற்காலையில் பாட்டு, பகலில் பாடம், மாதக்கணக்கில் ஒத்திகை, இரவில் மேடை, மறுநாள் மறுபடி மேடை. ஒரே வேடத்தை நூற்றுக்கணக்கான இரவுகள் ஆடிய பையன் நடிகனானான். எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் அந்தக் கம்பெனிகள் உருவாக்கின என்றால், உருவாக்கியது அந்த இரவுகள். சினிமா அந்தப் பயிற்சியைக் கைவிட்டது. கம்பை மட்டும் எடுத்துக்கொண்டது. ஸ்பாட்டுக்கு வந்த முதல்நாளே ஒரு பெண் அழத் தெரியாமல் நிற்பதற்காக அவளை அறைகிற இயக்குநருக்கு நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைச் சொல்ல உரிமை இல்லை.

பயிற்சி என்ற பாதியை எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். '16 வயதினிலே' வெளிவந்த அதே 1977-இல்தான் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லோரும் அங்கிருந்து வந்தவர்கள். 2010-இல் இந்தத் தேனி மண்ணிலிருந்து கவனம் பெற்ற படங்கள் இரண்டு. பிரபு சாலமன் குரங்கணியில் எடுத்த 'மைனா'. அதன் நாயகன் விதார்த் கூத்துப்பட்டறைக்காரர். சீனு ராமசாமியின் 'தென்மேற்குப் பருவக்காற்று'. அதில் நாயகனாக அறிமுகமான விஜய் சேதுபதி, கூத்துப்பட்டறையில் கணக்கெழுதியபடி நடிகர்கள் பயில்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். அதே படத்தில் மகனைத் தனியாக வளர்த்த தாயாக நடித்த சரண்யா பொன்வண்ணனுக்குச் சிறந்த நடிகை தேசிய விருது வந்தது. கிராமத்து முகம் வேண்டும், அதற்குப் பயிற்சி கூடாது, பயிற்சி இல்லாததால் அடி வேண்டும் என்ற வட்டத்தை இந்த இரண்டு படங்களும் இந்த மண்ணிலேயே உடைத்துவிட்டன.

6. நன்றி சொல்வதெல்லாம் சாட்சியாகாது. மேடையேறி 'அந்த அடிதான் என்னை ஆளாக்கியது' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் நன்றி சொல்ல நிறையவே காரணம் இருக்கிறது. யாருமே கவனிக்காத ஒரு முகத்தை ஒருவர் தெருவிலிருந்து எடுத்துத் திரைமுழுக்க வைத்தார். அந்த முகத்துக்கு எந்தக் கோணம், எந்த வெளிச்சம், எந்தப் பாட்டு என்று யோசித்தார். முதல் வாய்ப்பையும் கொடுத்தார். இத்தனையும் கொடுத்தவர் ஒரு அறையும் கொடுத்தார் என்றால், வெற்றிக்குக் காரணமாக அறையை மட்டும் தனியே பிரித்தெடுப்பது என்ன கணக்கு?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மேடை கிடைப்பது வென்றவருக்கு மட்டும். முதல் ஷெட்யூலில் அடி வாங்கிவிட்டு, அன்றிரவே பஸ் ஏறி ஊருக்குத் திரும்பியவருக்கு எந்த வெள்ளிவிழாவிலும் மைக் கிடைக்காது. அவர் நல்ல நடிகராகியிருப்பாரா என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு முறையின் வெற்றியை, அதில் தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் கேட்டு அளக்க முடியாது.

7. கம்பு பரவும்போது யார்மேல் போய் விழுகிறது? இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. 2013-இல் பாலாவின் 'பரதேசி' வெளியாவதற்குச் சற்று முன் ஒரு விளம்பர டீசர் வந்தது. படப்பிடிப்பில் இயக்குநர் நடிகர்களைக் கம்பால் அடிப்பதாக அதில் காட்சிகள் இருந்தன. கண்டனம் எழுந்தது. அது நிஜக் கம்பு இல்லை, காட்சியில் எப்படி அடிக்க வேண்டும் என்று செய்து காட்டியதே அது என்று படக்குழுவினர் விளக்கினார்கள். விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்வோம். அப்போதும் ஒன்று மிஞ்சுகிறது. நடிகரை அடிப்பதுபோன்ற காட்சி, படத்தின் தரத்துக்கு முத்திரையாகும் என்று நம்பித்தானே அதை விளம்பரத்தில் வைத்தார்கள்? தேயிலைத் தோட்டத்தில் கங்காணி அடித்த அடியைக் கண்டிக்கிற படம் அது. அந்தப் படத்தை விற்க அடியையே காட்டியது, இந்த நம்பிக்கை எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

அந்த டீசரைப் பார்த்த உதவி இயக்குநரிடம் பாலாவின் கண் இருக்காது, எடிட்டிங் அறிவு இருக்காது, கம்பு மட்டும் இருக்கும். நட்சத்திரத்திடம் அவர் கை ஓங்கமாட்டார். வைகை அணையிலும் போடியிலும் மேகமலை அடிவாரத்திலும் படமெடுக்க வரும் கம்பெனிகள், கூட்டத்துக்கும் சிறு வேடங்களுக்கும் ஊர்க்காரர்களைக் கூப்பிடுகின்றன. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வெயிலில் நிற்கும் அந்தப் பெண்களும் பெரியவர்களும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும்தான் இந்த 'முறை' கடைசியாக வந்து சேரும் இடம். 'ஏய், அந்தக் கிழவியை நகரச் சொல்லு' என்று மைக்கில் வருவது அறையின் தூரத்து உறவு. எழுபது வயது அம்மாவை 'அம்மா, இந்தப் பக்கம் வாங்க' என்று பேர் கேட்டுக் கூப்பிட்டால், அவர் முகத்தில் வரும் தெளிவு காமிராவில் பதிகிறது. இது மரியாதைக்கான வேண்டுகோள் மட்டுமில்லை, காட்சியின் தரமும் அதில்தான் இருக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தமும் அதையொட்டி 2017-இல் வந்த விதிகளும், படப்பிடிப்பில் குழந்தையைப் பயன்படுத்த அந்த மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்கின்றன. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கை வங்கியில் குழந்தையின் பெயரில் வைப்பாகப் போட வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக எதிலும் ஈடுபடுத்தக் கூடாது. கடைசி விதியை மட்டும் எடுத்துக்கொண்டாலே அறைக் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. சட்டத்துக்கு உட்பட்டால் நல்ல நடிப்பு வராது என்று சொல்பவர்கள், 'பசங்க' (2009) படத்துச் சிறுவர்களும் 'காக்கா முட்டை'யின் ரமேஷும் விக்னேஷும் வாங்கிய தேசிய விருதுகளை எடுத்துப் பார்க்கலாம். அந்தப் பிள்ளைகளின் நடிப்பில் முதலில் கண்ணில் படுவது, பயமில்லாத விளையாட்டு.

மயிலாடும்பாறையிலோ வருசநாட்டிலோ அடுத்த குறும்படத்தைத் தொடங்கப்போகும் பிள்ளைகளுக்கு, கம்புக்குப் பதில் செய்ய எத்தனையோ இருக்கிறது. முதல்நாள் காமிரா இல்லாமல் நடிகர் வீட்டுக்குப் போய் உட்காரலாம். வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், அதே விஷயத்தை அவர் பேச்சில் சொல்லச் சொல்லிக் கேட்டு, அதை எழுதிக்கொள்ளலாம். 'சோகமாக இருங்க' என்பதற்குப் பதிலாக, 'இந்தக் கதவை உங்க மகன் திறந்து வைச்சுட்டுப் போயிட்டான். போய் மூடுங்க' என்று ஒரு காரியம் சொல்லலாம். அழுகைக் காட்சி என்றால் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை விலக்கி, ஆறேழு பேர் மட்டும் நிற்கலாம். திருத்தம் சொல்ல வேண்டுமானால் எழுந்துபோய்க் காதோடு சொல்லலாம். மைக்கில் சொன்னால் ஊரே கேட்கும். டேக் சரியில்லை என்றால் முதலில் காமிராவின் இடத்தை, பிறகு எழுத்தை, அதற்குப் பிறகே நடிகரைச் சந்தேகிக்கலாம். அழுகை வரவே இல்லையா? முதுகைக் காட்டி எடுக்கலாம். அந்த முதுகைப் பார்த்துத் தியேட்டர் அழுதிருக்கிறது.